பியர் கொதிக்கும்போது கருவாட்டு வாசனை: கனெக்டர் உருகுகிறது, எதைப் போடுவது?

ஹாப்ஸ்பிரியன்:
வணக்கம். லண்டனில் இருக்கிறேன். ஒரு வருடமாக கராஜில் பியர் காய்ச்சுகிறேன். (இந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச 1963 முதல் லைசென்ஸ் தேவையில்லை. ஊரில் இருப்பவர்கள் இதைப் பார்த்து ஆரம்பித்துவிடாதீர்கள், அங்கே சட்டம் வேறு.)

33 லிட்டர் ஸ்டீல் பாத்திரம், பக்கவாட்டில் 2750 வாட் சூடாக்கும் எலிமென்ட். கம்ப்யூட்டருக்கு வருமே, அதே மாதிரி மூன்று பின் லீட்தான் (பவர் வயர்) அதில் செருகுகிறது. போன மாதம் வோர்ட் (பியராகப் போகும் மால்ட் சாறு) கொதித்துக்கொண்டிருந்தபோது கருவாடு பொரிக்கிற மாதிரி ஒரு வாசனை. பக்கத்து வீட்டில் சமையல் என்று நினைத்தேன். ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) போடப் போனால் கொதி அடங்கியிருந்தது. லீட்டைத் தொட்டேன், கை சுட்டது. ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகிக் குழைந்திருந்தது.

புது லீட் வாங்கிப் போட்டேன். இரண்டாவது தடவையே மறுபடி அதே கதை. இன்னும் நல்ல பிராண்ட் லீட் வாங்கினால் சரியாகுமா, கனெக்டர் வகையையே மாற்ற வேண்டுமா?

மால்ட்மூட்டை:
எனக்கும் இதே ஆனது. சி15 லீட் வாங்குங்கள், அடியில் ஒரு சிறிய வெட்டு இருக்கும். சூடான சாதனங்களுக்கானது அதுதான். உங்கள் பாத்திரத்தில் இருக்கும் பின்னிலேயே செருகும். எனக்கு ஆறு மாதமாகப் பிரச்சினை இல்லை.

வயரிங்வேலை:
தம்பி, முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கோ. லீட் வயரின் மேல் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று அச்சடித்திருக்கிறது? பிளக்கில் என்ன ஃப்யூஸ்? பாத்திரத்தில் இருக்கிற பின்கள் பளபளப்பாக இருக்கின்றனவா, கறுத்துவிட்டனவா?

ஹாப்ஸ்பிரியன்:
வயரில் 0.75 என்று இருக்கிறது. ஃப்யூஸ் 10 ஆம்பியராக வந்தது, நான் 13 போட்டேன் (திட்டாதீர்கள்). பின்களில் ஒன்று கறுப்பு, மற்ற இரண்டும் சுமார்.

வயரிங்வேலை:
திட்டவில்லை, ஆனால் 0.75 வயர் 6 ஆம்பியருக்கானது. கம்ப்யூட்டர் லீட் அப்படித்தான் வரும். உங்கள் எலிமென்ட் 2750 வாட், 240 வோல்ட். வகுத்தால் கிட்டத்தட்ட 11.5 ஆம்பியர். நீங்கள் செருகிய சி13 கனெக்டரின் அளவே 10 ஆம்பியர்தான், அதுவும் பின் 70 டிகிரிக்கு மேல் சூடாகாத இடத்தில். கொதிக்கிற பாத்திரத்தின் சுவர் 100 டிகிரி. வயர், ஆம்பியர், சூடு, மூன்றும் பிழை.

சி15 பற்றி மேலே சொன்னது பாதி சரி. அது 120 டிகிரி வரை தாங்கும். ஆனால் ஆம்பியர் அதே 10தான். பாத்திரத்தில் இருக்கிற பக்கமும் பழைய 70 டிகிரி வகையாகவே இருக்கும். 2.2 கிலோவாட் எலிமென்ட் என்றால் நானும் சரி என்பேன்.

புது லீட் ஏன் சீக்கிரம் போனது என்றால், கறுத்த பின்தான் காரணம். தொடுகிற இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை வந்தாலே 11.5 × 11.5 × 0.1, அதாவது சுமார் 13 வாட் அந்த ஒரு துளைக்குள் சூடாக இறங்கும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிளக்குக்குள் வைத்த மாதிரி. சூட்டில் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தளரும், பிடி விடும், தடை இன்னும் ஏறும். உருகினால் இரண்டு பக்கத்தையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

ஃப்யூஸ் காப்பாற்றியிருக்காதா என்று கேட்பீர்கள். கரண்ட் கூடவில்லையே. எப்போதும் போல 11.5தான். கனெக்டர் சூடாவது ஃப்யூஸுக்குத் தெரியாது.

ஹாப்ஸ்பிரியன்:
நன்றி அண்ணா. ஆனால் பழைய காலத்து டீ கெட்டிலிலும் இதே மாதிரி லீட்தானே இருந்தது? அது உருகவில்லையே.

வயரிங்வேலை:
கெட்டிலுக்கு வந்தது மால்ட்மூட்டை சொன்ன வெட்டுள்ள வகை. அதோடு கெட்டில் மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். நீங்கள் 28 லிட்டரை 67 டிகிரியில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரவே அரை மணி, அப்புறம் ஒரு மணி நேரம் கொதி. ஒன்றரை மணி நேரம் விடாமல் முழுக் கரண்ட். பெட்டியில் எழுதியிருக்கிற ஆம்பியரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த நேரக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

என் யோசனை: பாத்திரத்தின் மேலே கனெக்டரே வேண்டாம். எலிமென்ட்டில் இருந்து அரை மீட்டர் 1.5 சதுர மிமீ, சூடு தாங்கும் வயரை கிளாண்ட் (துளையில் வயரை இறுக்கிப் பிடிப்பது) போட்டு நேராக வெளியே எடுங்கோ. அந்த வால் நுனியில் நீல நிற 16 ஆம்பியர் பிளக், கேரவானுக்குப் போடுவார்களே, அது. கனெக்டர் சூட்டையும் ஆவியையும் விட்டுத் தள்ளி இருக்கும், கழற்றிக் கழுவவும் முடியும். பின் நீட்டிக்கொண்டிருக்கிற பக்கம் பாத்திரத்தின் வாலில், துளையுள்ள பக்கம் சுவரில் இருந்து வருகிற வயரில். மாற்றிப் போட்டால் கழற்றியதும் கரண்ட் உள்ள பின் கையில் படும்.

இழை வயர் நுனியில் ஈயம் வைத்து ஸ்க்ரூவில் இறுக்க வேண்டாம். ஈயம் நாளடைவில் அமுங்கி ஸ்க்ரூ தளரும். ஃபெரூல் (நுனியில் மாட்டும் சின்ன உலோகக் குழல்) போட்டு அழுத்துங்கோ. பாத்திரத்தின் ஸ்டீலுக்கு எர்த் கட்டாயம். சாக்கெட்டுக்கு 30 மில்லியாம்ப் ஆர்சிடி (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கோ, இல்லையென்றால் காய்ச்சவே வேண்டாம்.

மால்ட்மூட்டை:
மேடை லைட்டுக்குப் போடும் நியூட்ரிக் பவர்கான் கனெக்டர் போட்டால்? திருகினால் பூட்டிக்கொள்ளும், 20 ஆம்பியர், பார்க்கவும் அழகு.

வயரிங்வேலை:
அழகுதான். ஆனால் அந்த நீல 20 ஆம்பியர் பவர்கானை லோடு ஓடும்போது (கரண்ட் பாயும்போது) கழற்றக்கூடாது, அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ட்ரூ1 என்கிற 16 ஆம்பியர் வகையை லோடில் கழற்றலாம், நீர்த் தெறிப்பும் தாங்கும். காசு கூட, அவ்வளவுதான்.

ஸ்கார்பரோவாசி:
கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் 240 வோல்ட், 5500 வாட் எலிமென்ட் போடுகிறோம், சுமார் 23 ஆம்பியர். 30 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர்ந்து ஓடும் லோடு 80 சதவீதம், அதாவது 24 வரை. அதற்கு எல்6-30 என்ற திருகிப் பூட்டும் கனெக்டர். அங்கிருந்து யாராவது எங்கள் ஊர்ப் படங்களைப் பார்த்து வாங்கிவிட வேண்டாம், உங்கள் ஊர் சாக்கெட்டுக்கு ஒத்துவராது.

ஹாப்ஸ்பிரியன்:
நீல பிளக்கே போடுகிறேன். கடைசியாக ஒன்று: சீக்கிரம் கொதிக்க இரண்டாவது 2750 வாட் எலிமென்ட் சேர்த்து, இரட்டை சாக்கெட்டில் இரண்டையும் செருகலாமா?

வயரிங்வேலை:
வேண்டாம். இரட்டை சாக்கெட் என்றால் 13 + 13 என்று நினைக்கிறார்கள். மொத்தம் 20 ஆம்பியருக்குத்தான் அதைச் சோதிக்கிறார்கள். உங்களுக்கு 23 ஓடும். இரண்டு எலிமென்ட் வேண்டுமென்றால் கராஜுக்குத் தனி 32 ஆம்பியர் சர்க்யூட் இழுக்க வேண்டும். இங்கிலாந்தில் புது சர்க்யூட் போட்டால் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்தால் அவரே பார்த்துக்கொள்வார்.

ஹாப்ஸ்பிரியன் (மூன்று வாரம் கழித்து):
ஒரே எலிமென்ட்டோடு நிறுத்திக்கொண்டேன். வால் வயர், நீல பிளக், ஃபெரூல் எல்லாம் போட்டாயிற்று. எர்த்தை மீட்டரில் சரிபார்த்தேன். நேற்று 90 நிமிடம் கொதி. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன், நீல பிளக்கில் சூடே தெரியவில்லை. சுவரில் இருக்கும் 13 ஆம்பியர் பிளக் மட்டும் வெதுவெதுப்பு.

வயரிங்வேலை:
அது ஃப்யூஸின் சூடு, இருக்கும். விரல் வைக்க முடியாத அளவுக்குப் போனாலோ, பிளக் பின்னைச் சுற்றிப் பழுப்பு தெரிந்தாலோ சாக்கெட்டையும் மாற்றுங்கோ.

ஹாப்ஸ்பிரியன்:
சரி அண்ணா. கடைசிப் பத்து நிமிடத்தில் மறுபடி கருவாட்டு வாசனை வந்தது. ஓடிப்போய் மெயினையே அணைத்துவிட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே பக்கத்து வீட்டில் கருவாடு.