முன்னாள் போராளி, முழங்காலுக்குக் கீழே கால் இல்லை: மாதக் கொடுப்பனவுக்கும் புதுக் காலுக்கும் எங்கே தொடங்குவது?

குளக்கட்டு:
ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிற சொந்தக்கார அண்ணா ஒருவருக்காகக் கேட்கிறன். வயது 46. 2009இல ஷெல் பட்டு இடக்கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தது. புனர்வாழ்வு முடிச்சு 2011இல விட்டவை, அந்தக் கடிதம் கையில இருக்கு. அந்தக் காலத்து ஆஸ்பத்திரித் துண்டு ஒண்டும் இல்லை, எல்லாம் முள்ளிவாய்க்காலோட போட்டுது. இப்ப போடுற கால் ஏழு வருசம் பழசு. நாலு சொக்ஸ் போட்டும் ஆடுது, மொட்டையின்ர (வெட்டின காலின்ர மிச்சத்தின்ர) நுனியில புண். இடுப்புக்குள்ள ரெண்டு ஷெல் பீஸ் இருக்காம். அரசாங்கம் வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்குக் குடுக்கிற அஸ்வெசும காசு வீட்டுக்குக் கிடைக்கேல்ல. ஆமிக்காரருக்குக் குடுக்கிற ரணவிரு உதவி இவருக்கும் வருமா எண்டும் ஒருவர் கேட்கச் சொன்னவர். எதை முதல்ல செய்யிறது?

பாலைநிழல்:
ரணவிரு சேவை அதிகாரசபை 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. முப்படையும் பொலிசும் மட்டும்தான் அதற்குள். அது சரியா பிழையா என்பது வேறு கதை. அந்தக் கதவில் தட்டி நாளை வீணாக்க வேண்டாம்.

உங்கள் அண்ணாவுக்குப் பொருந்துவது, வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு. 7,500 ஆக இருந்தது 2025 சித்திரையிலிருந்து 10,000 ரூபாய். இதில் பார்ப்பது இயலாமையும் வருமானமும்தான். காயம் எங்கே, எந்தப் பக்கத்தில் நின்று பட்டது என்பது தகுதியை மாற்றாது. பலர் அந்தக் கேள்வி வரும் என்று பயந்தே விண்ணப்பம் போடாமல் இருக்கிறார்கள். அஸ்வெசும வீட்டைப் பார்த்து மதிப்பிடுவது, இது ஆளுக்கு உரியது. "வீட்டுக்கு இல்லை என்று வந்துவிட்டதே" என்று இதையும் கைவிடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை.

போகிற ஒழுங்கு இதுதான். முதலில் கிராம அலுவலரிடம் வதிவும் வருமானமும் உறுதிப்படுத்திக் கடிதம். பிறகு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பப் படிவம். அதில் வைத்தியர் நிரப்ப வேண்டிய பகுதியை எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடையாள அட்டைப் பிரதி, அவருடைய சொந்தப் பெயரில் வங்கிப் புத்தகப் பிரதி, குடும்ப விபரம் எல்லாம் இரண்டு செற் எடுத்து வையுங்கள். மனைவியின் கணக்கு இலக்கத்தைக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் பிறப்புச் சான்றிதழும் எடுத்து முதலில் அதை முடியுங்கள். அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயரின் எழுத்து வேறுபட்டால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்று முடித்துக்கொள்ளுங்கள். இந்த ஓர் எழுத்துக்காகவே மாதக் கணக்காகக் கிடக்கும் கோவைகள் உண்டு.

வைத்தியர் நிரப்பும் பகுதியில்தான் விசயமே இருக்கிறது. "இடக்கால் இழப்பு" என்று மட்டும் எழுதினால், பொய்க்காலோடு நடந்து வந்த ஆளைப் பார்த்து "நடக்கிறார்தானே" என்று தள்ளிவிடுவார்கள். எவ்வளவு தூரம் நடக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், பாரம் தூக்கலாமா, புண் வந்தால் கால் போடாமல் எத்தனை நாள் இருக்க வேண்டும், இடுப்பில் உலோகத் துண்டு உண்டா என்பதெல்லாம் அதில் வரவேண்டும். வைத்தியரிடம் இதைச் சொல்ல வெட்கப்படக் கூடாது. பழைய துண்டு இல்லை என்பது இங்கே தடையில்லை, இன்றைய உடம்பைத்தான் அவர் எழுதுகிறார்.

இழப்பீடுகளுக்கான அலுவலகம் இதிலிருந்து வேறானது. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம். வடக்குக் கிழக்கு ஆயுத மோதலில் காயப்பட்டவர் அதன் வரையறைக்குள் வருவார். அது மாதக் காசு இல்லை, சான்றும் கூடுதலாகக் கேட்பார்கள். மாதக் கொடுப்பனவை நகர்த்திவிட்டு அதைப் பாருங்கள்.

மாங்குளச்சந்தி:
காசு விசயம் மேலே சொல்லியாச்சு. எனக்கு அந்தப் புண்தான் யோசனை. ஆள் இன்றைக்கே பொய்க்காலைக் கழட்ட வேண்டும். புண் ஆறுமட்டும் ஊன்றுகோல்தான். புண்ணுக்கு மேல் பஞ்சு வைத்துக் காலைப் போட்டு வயலுக்குப் போய், எலும்பு மட்டும் புண் இறங்கி, முழங்காலுக்கு மேலே வெட்டுமளவுக்குப் போகிற ஆட்கள் உண்டு. சீனி வருத்தம் இருக்கா என்று இரத்தம் பார்த்தே ஆகவேண்டும்.

புண் ஏன் வருகிறது? மொட்டை வருசா வருசம் மெலியும். பொய்க்காலில் மொட்டை இறங்கி இருக்கிற கிண்ணம் மெலியாது. முழங்காலுக்குக் கீழே எடுத்தவருக்குப் பாரத்தின் பெரும்பகுதி முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநாணில் தாங்க வேண்டும். மொட்டை மெலிந்தால் கால் கிண்ணத்துக்குள் புதைந்து, நுனி அடியில் முட்டும். நாலு சொக்ஸ் போட்டாலும் சுற்றளவைத்தான் நிரப்பும், வடிவத்தைத் திருத்தாது. சொக்ஸில் ஒற்றை மடிப்பு, மூன்று மடிப்பு, ஐந்து மடிப்பு என்று வரும். கூட்டிப் பார்க்கப் பத்தைத் தாண்டினால் புதுக் கிண்ணம் வேண்டும் என்று அர்த்தம். அதனால் போய் "கால் வேணும்" என்று கேட்காமல் "கிண்ணம் பொருந்தேல்ல, நுனியில் முட்டுது" என்று சொல்லச் சொல்லுங்கள். பாதம் நல்லா இருந்தால் கிண்ணத்தை மட்டும் மாற்றுவதும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் இருந்து இந்த வேலை செய்யுது. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட என்றால் மாங்குளம் ஆதார வைத்தியசாலையின் புனர்வாழ்வுப் பிரிவில் முதல்ல காட்டுங்கோ. எங்கே போனாலும் அளவெடுக்க ஒரு நாள், போட்டுப் பார்க்க இன்னொரு நாள், திருத்த வேறொரு நாள் என்று வரும். ஒரே நாளில் கட்டிக்கொண்டு வரலாம் என்று போகாதேங்கோ. அளவெடுக்கிற நாளில் மொட்டை வீங்கியிருக்கக் கூடாது, முதல்நாள் இரவு துணிப்பட்டை நுனியில் இறுக்கமாயும் மேலே போகப்போகத் தளர்வாயும் சுற்றி வைக்க வேண்டும். மாறிச் சுற்றினால் நுனி பல்ப் மாதிரி ஊதும்.

மொட்டையைக் காலமை கழுவக் கூடாது, இரவில்தான். ஈரத் தோல் கிண்ணத்துக்குள் உரியும். படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கோ, முழங்கால் மடிந்தபடி இறுகினால் எந்தக் காலும் சரிவராது.

குளக்கட்டு:
மெத்தப் பெரிய உபகாரம். சீனி பார்க்கேல்ல, நாளைக்கே கொண்டுபோறன். இன்னொண்டு. இடுப்பு நோவுக்கு எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்லிக் கதை வருது. பீஸ் இருக்கேக்க எடுக்கலாமா?

வைரமரம்:
ஷெல் பீஸில் இரும்பு இருந்தால் காந்தம் அதை அசைக்கும், சூடாக்கும். முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ கண்ணுக்கோ கிட்ட இருந்தால் ஆபத்து. "உடம்பில பீஸ் இருக்கு" என்பதை எம்.ஆர்.ஐ கேட்கிற வைத்தியரிடமும் படமெடுக்கிற இடத்திலும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்து எங்கே, எத்தனை என்று பார்ப்பார்கள். பல நேரம் சி.ரி ஸ்கான் போதும். அந்த எக்ஸ்ரேயை வீசாதேங்கோ. கிளினிக் கொப்பிக்குள் வைத்தால், பாலைநிழல் சொன்ன வைத்தியச் சான்றுக்கும் அதுதான் ஆதாரம்.

பீஸை எடுத்துவிட்டால் நோ போகும் என்று நம்பி ஒப்பரேசன் கேட்கிறவர்கள் கூட. ஆழத்தில் சும்மா கிடக்கிற துண்டைத் தேடி வெட்டினால் நல்ல நரம்பும் தசையும் சேதமாகும். சீழ் கட்டுது, நரம்பை அழுத்துது, மூட்டுக்குள்ள இருக்கு என்றால் கதை வேறு.

மொட்டையில் ஒரே புள்ளியைத் தட்டக் கரண்ட் அடிக்கிற மாதிரி இருந்தால் வெட்டின நரம்பின் நுனியில் கட்டி வந்திருக்கலாம். இல்லாத பாதம் எரிகிறது, விரல் முறுகுது என்றால் அது மூளையும் நரம்பும் சேர்ந்து செய்கிற வேலை, பரசிற்றமோலுக்குக் கேளாது. அதற்கு நரம்பு நோவுக்கான வேறு குளிசைகள் அரச கிளினிக்கிலேயே எழுதுவார்கள். இரண்டையும் பிரித்துச் சொன்னால்தான் சரியான மருந்து வரும்.

கரும்பனை:
இடையில புகுந்து கேட்கிறன். இதே கொடுப்பனவு இடுப்புக்குக் கீழே இயங்காதவருக்கும் வருமா? அவருக்குக் கத்தீற்றர் (சலம் போற குழாய்) வேற.

பாலைநிழல்:
வரும், ஒழுங்கும் அதேதான். அலுவலகத்துக்கு வர முடியாதவர் என்று கிராம அலுவலர் கடிதத்தில் எழுதுவித்தால் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்க்கக் கேட்கலாம்.

வைரமரம்:
கரும்பனை, அவருக்குக் காயம் நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ என்றால் வீட்டில் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி இடி, முகம் சிவந்து வியர்வை, பிரசர் ஏற்றம். உடனே நிமிர்த்தி இருத்துங்கோ, படுக்க வைக்காதேங்கோ. இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, கத்தீற்றர் குழாய் மடிந்திருக்கா, பை நிரம்பியிருக்கா என்று பாருங்கோ. பெரும்பாலும் அடைபட்ட சலம்தான் காரணம். அடுத்தது மலம் இறுகிக் கிடப்பது. இறங்காவிட்டால் காத்திருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, முள்ளந்தண்டுக் காயம் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கோ.

வீல்செயாரில் இருந்தால் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா முன்னுக்குக் குனிந்தோ பக்கத்துக்குச் சாய்ந்தோ இரண்டு நிமிசம் குண்டியில் பாரம் இல்லாமல் விட வேண்டும். கையை ஊன்றி ஒரு நொடி தூக்கினால் போதாது, இரத்தம் திரும்பி ஓட நேரம் வேண்டும். இரவில் கண்ணாடி வைத்து முதுகடியைப் பாருங்கோ. சிவந்த இடத்தை அழுத்தி விட வெளிறாமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் படுக்கவோ இருக்கவோ கூடாது.

குளக்கட்டு:
சீனி 212, சாப்பிடாமல் எடுத்தது. கிளினிக்குக்குத் துண்டு தந்திருக்கினம். கால் கழட்டியாச்சு. கிராம அலுவலரிடம் புதன்கிழமை போறம்.

மாங்குளச்சந்தி:
அப்ப அளவெடுக்கப் போகிறதுக்கு முதல் சீனி இறங்கட்டும். இல்லாட்டிப் புண் ஆறாது, புதுக் கிண்ணத்திலயும் அதே இடத்தில திரும்ப வரும். மற்றக் காலையும் தினம் பாருங்கோ, இனி அதுதான் முக்கியம்.