டிரெய்லருக்குள் அலமாரி அடித்த கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கேம்பர் டிரெய்லரில், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் தங்கும் வண்டியில், சொந்தமாக மரவேலை செய்தவர்கள் பட்டதையெல்லாம் இங்கே எழுதினால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும். முதலில் என் கதை.

பழைய வண்டி. உள்ளே இருந்த அலமாரிகள் தண்ணீரில் ஊறி உப்பிப்போயிருந்தன. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு நானே செய்யலாம் என்று இறங்கினேன். வீட்டுச் சமையலறைக்கு அலமாரி செய்து பழகிய கை. அந்த நினைப்பில் வழக்கமான 18 மி.மீ. பிளைவுட்டையே எடுக்கப் போனேன். 8க்கு 4 அடி பலகை ஒன்று மரத்தைப் பொறுத்து 30 கிலோ அளவுக்கு வரும். எனக்கு நான்கு பலகை தேவை. பாத்திரம், அரிசி, துணி எதுவும் வைப்பதற்கு முன்பே 120 கிலோ! கணக்குப் போட்டதும் மனம் மாறிவிட்டது. அலமாரியின் வெளிக்கூட்டுக்கு 12 மி.மீ., உள்தட்டுகளுக்கு 9 மி.மீ., கதவுக்கு மெல்லிய சட்டம் கட்டி நடுவில் 4 மி.மீ. பலகை என்று பிரித்துக்கொண்டேன். தட்டு வளையாமல் இருக்க முன்விளிம்பில் ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒட்டினால் போதும். அதையே கொஞ்சம் தூக்கி ஒட்டினால் சாமான் சரியாமலும் தடுக்கும்.

அடுத்தது அளவெடுப்பது. வீட்டில் ரசமட்டம் சொன்னதுதான் வேதம். இங்கே அது பலிக்காது. வண்டி முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நின்றிருந்ததைக் கவனிக்காமல் முதல் பலகையை ரசமட்டம் பார்த்து நிறுத்தினேன். தரையோடு சேர்த்துப் பார்த்தால் சாய்ந்து நின்றது. கழற்றிவிட்டு, அதன்பிறகு எல்லா அளவையும் தரையிலிருந்தே எடுத்தேன்.

சுவரும் நேராக இல்லை. மேலே போகப் போக உள்பக்கம் வளைகிறது. அதற்கு அட்டைதான் கைகொடுத்தது. அட்டையைச் சுவரை ஒட்டி நிறுத்தி, ஒரு சின்ன மரத்துண்டோடு பென்சிலைச் சேர்த்துப் பிடித்து, துண்டு சுவரில் உரசியபடியே கீழிருந்து மேலே இழுத்தேன். வளைவு அப்படியே அட்டையில் விழுந்தது. வெட்டி வைத்தால் தோள் உயரத்தில் இரண்டு மி.மீ. சந்து. மறுபடி வரைந்தேன். மூன்றாவது அட்டை சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது, பின்னால் டார்ச் அடித்தும் வெளிச்சம் வரவில்லை. அப்புறம்தான் பிளைவுட்டில் ரம்பம் வைத்தேன். ஒரு பக்கத்துக்கு அரைநாள் போனது, ஆனால் இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த அரைநாள் அதுதான்.

முதல் பயணம் முடிந்து கதவைத் திறந்தபோது நெஞ்சு பதறிவிட்டது. மேல் அலமாரிக் கதவுகள் இரண்டும் விரியத் திறந்து கிடந்தன, சாப்பாட்டுத் தட்டுகள் தரையில் நொறுங்கிக் கிடந்தன. கதவைப் பிடிக்க நான் வைத்திருந்தது காந்தம். வளைவில் சாமான் மொத்தமாகக் கதவில் சாய்ந்தால் காந்தம் தாங்காது. அதைவிடக் கவலை தந்தது தரையில் உருண்டு கிடந்த இரண்டு ஸ்க்ரூ. நிற்காத அதிர்வில் அவை தாமாகவே கழன்று வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு எந்த இணைப்பையும் ஸ்க்ரூவை மட்டும் நம்பி விடுவதில்லை. பசை தடவித்தான் முடுக்குகிறேன். போல்ட் வரும் இடத்தில் நைலான் வளையம் வைத்த நட். கதவுகளுக்கு அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பட்டன் தாழ்.

சுவரில் மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். உள்பலகையில் மட்டும் ஸ்க்ரூ இறக்கினால் பிய்ந்து வந்துவிடும். உள்ளே சட்டம் ஓடும் இடத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து அதில்தான் இறக்க வேண்டும். நீளமும் முக்கியம். சுவரே மெல்லியது, கொஞ்சம் நீண்டால் வெளித்தகடு பொத்துக்கொண்டு மழைத்தண்ணீர் வரும். டிரில் பிட்டில் தேவையான ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொண்டேன்.

*

முதலில் எழுதியவர் எடையைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது எந்த இடத்தில் உட்காருகிறது என்பதையும் பாருங்கள். நான் மளிகை அலமாரியை வண்டியின் கடைசியில் வைத்துவிட்டேன். வேகம் ஏறியதும் டிரெய்லர் பாம்புபோல ஆடத் தொடங்கியது. மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டும்வரை உயிர் கையில் இல்லை. பின்பக்கம் கனத்ததால், டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு மாட்டும் கொக்கியில் விழவேண்டிய எடை குறைந்துபோயிருந்தது. கொக்கிக்கு டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்று பரவலாகச் சொல்வார்கள். ஆனால் உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் வரம்புதான் முதலில். அலமாரியைச் சக்கர அச்சுக்குப் பக்கத்தில் தாழ்வாக மாற்றினேன், கனமான டப்பாக்கள் எல்லாம் அடித்தட்டில். ஆட்டம் நின்றது.

*

எனக்கு வந்த தொல்லை பூஞ்சை. கூட்டைச் சுவரோடு ஒட்டி வைத்து மூடிவிட்டேன். குளிர் இரவுகளில் உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். காற்று போக வழியில்லாததால் ஆறே மாதத்தில் பின்பலகை கறுத்துவிட்டது. இப்போது பின்னால் ரீப்பர் கொடுத்து ஒரு விரல் இடைவெளி விட்டு, கீழும் மேலும் நீளத் துளை வெட்டியிருக்கிறேன். பலகையை வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் இரண்டு முறை, ஏனென்றால் பிளைவுட் தண்ணீர் குடிப்பது அங்கேதான்.

அப்புறம், கேஸ் சிலிண்டருக்குப் பெட்டி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். பெட்டியை வாழும் பகுதியிலிருந்து ஒரு சந்துகூட இல்லாமல் அடைத்து, அடியில் வெளியே திறக்கும் துளை வையுங்கள். தூசி வருகிறது என்று அந்தத் துளையைத் துணியால் அடைத்திருந்த ஒரு வண்டியை நேரில் பார்த்தேன், அங்கேயே நின்று அதை எடுக்க வைத்துவிட்டுத்தான் வந்தேன்.