மறுமொழி: டீசல் பாடநூல் சொல்லடைவு – ‘பிளீடிங்’ என்பதற்கு என்ன வைப்பது?

குழுவினருக்கு வணக்கம்.

டீசல் எஞ்சினின் எரிபொருள் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையை ஆங்கிலத்தில் ‘பிளீடிங்’ (நேர்ப்பொருள்: குருதி வடிதல்) என்கிறார்கள். பழுதுநீக்கப் பாடத்துக்கு அதற்கொரு தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இழை இப்போது குருதி, கசிவு, வடிப்பு, வளி என்று நாலு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பாடத்தைத் தொழிற்பயிற்சி மாணவருக்கு நடத்துகிறவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மூலச்சொல்லின் உருவகத்தை விடக் கூடாது. ‘குருதி வடித்தல்’, ‘குருதித் திருகு’ என்றே வைக்கலாம்.

உருவகம் பிழைக்கும்; மாணவர்தான் பிழைக்க மாட்டார். குருதி வடியும்போது இழப்பது குருதி. இங்கே வெளியேற வேண்டியது காற்று. கூடவே கொஞ்சம் டீசல் சிந்துகிறது, அவ்வளவுதான். எது நோக்கம், எது உடன் நிகழ்வது என்பதையே இந்தச் சொல் தலைகீழாக்கிவிடுகிறது. அது போக, ‘குருதித் திருகை அரைச்சுற்றுத் தளர்த்துக’ என்று செய்முறை ஏட்டில் இருந்தால் வகுப்பு சிரித்து அடங்கவே ஒரு பாடவேளை போய்விடும்.

> ‘வடிப்பு’ என்று சுருக்கலாமே. சின்னச் சொல்.

சின்னச் சொல்தான். ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் நிறைந்திருக்கிறது. எஞ்சின் ஆயிலை மாற்றும்போது அடித்திருகைக் கழற்றிப் பழையதை வடிக்கிறோம். எரிபொருள் வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்கிறோம். வடிகட்டியின் பெயரிலேயே வடி இருக்கிறது. ‘வடிகட்டியின் வடிப்புத் திருகைத் திறக்கவும்’ என்று எழுதினால் முதலாண்டு மாணவர் எதில் ஸ்பேனரை வைப்பார்? வடிகட்டியின் மேலே உள்ள திருகைத் திறந்து கைப்பம்பை அழுத்தினால் காற்று வெளியேறும். கீழே உள்ளதைத் திறந்தால் டீசல் இறங்கி, அது விட்டுப்போன இடத்தில் காற்று புகுந்துகொள்ளும். செய்ய நினைத்ததற்கு நேர் எதிர்.

> ‘காற்று நீக்கம்’ பிழையில்லாத, நடுநிலையான சொல் அல்லவா?

பிழையில்லை. ஆனால் அதை வேறொரு இடத்துக்கு எடுத்துவைக்க வேண்டும் என்பது என் கருத்து. வாகனக் குளிர்சாதனப் பாடத்தில் வெற்றிடப் பம்பை மாட்டி, குளிர்பொருளை நிரப்புவதற்கு முன்பு குழாய்களில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றுகிறோம். வேலை முடியும்போது உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. அதுதான் காற்று நீக்கம். நம்முடைய வேலை முடியும்போதோ குழாய் முழுக்க டீசல் நிற்க வேண்டும். ஒரே பாடத்திட்டத்தில் இரண்டும் வருவதால் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

> பட்டறைகளில் இதற்குச் சொல்லே கிடையாது. அப்படியே ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள்.

இங்கேதான் நான் மிகவும் மாறுபடுகிறேன். ‘ஏர் பிடித்துவிட்டது’, ‘ஏர் ஏறிவிட்டது’, ‘ஏர் எடுக்க வேண்டும்’ என்கிறார்கள். பெயர்ச்சொல் மட்டும்தான் கடன். வினை முழுவதும் தமிழ். ‘ஏர்’ இருக்கும் இடத்தில் ‘காற்று’ வைத்தால் நம் வேலை முக்கால்வாசி முடிந்தது. காற்றெடுத்தல், காற்றெடுப்பு.

இதில் ‘எடு’ என்பதுதான் உயிர். களையெடுப்பு, சிக்கெடுத்தல், பேனெடுத்தல், தூரெடுத்தல் என்ற சொற்களைப் பாருங்கள். ஒன்று இருக்க வேண்டும், அதற்குள் புகுந்த இன்னொன்று போக வேண்டும் என்ற நிலைமைக்குத் தமிழ் எடுத்தாளும் வினை இது. பயிர் வேண்டும், களை வேண்டாம். முடி வேண்டும், சிக்கு வேண்டாம். அதே வரிசையில் டீசல் வேண்டும், காற்று வேண்டாம். மூலச்சொல் சொல்லாத ஒன்றை நம் சொல் சொல்லிவிடுகிறது.

> ‘எடு’ இருபொருள் படும். எஞ்சின் காற்றை எடுத்துக்கொள்கிறது என்றும் சொல்வோமே?

நல்ல கேள்வி. இந்த இழையிலேயே உருப்படியான எதிர்ப்பு இதுதான். ஆனால் எஞ்சின் காற்றை வாங்கும் வீச்சுக்கு ‘உறிஞ்சு வீச்சு’, ‘உள்ளிழுப்பு’ என்ற சொற்கள் இருக்கின்றன. அங்கே ‘எடுப்பு’ தேவைப்படுவதே இல்லை. பெயர்ச்சொல்லாக ‘களையெடுப்பு’ என்றால் களையை உள்ளே சேர்ப்பது என்று எவரும் புரிந்துகொள்வதில்லை. ‘காற்றெடுப்பு’ம் அப்படியே நிலைக்கும். ஆனால் எரிபொருள் குழாய் வழியே காற்று உள்ளே வருவதை ‘காற்றை எடுக்கிறது’ என்று பாடநூலில் எழுதக் கூடாது. அதைக் ‘காற்றேறல்’ என்று தனியே வைத்துவிடலாம்.

சொல் இருக்கட்டும், செயலைக் கொஞ்சம் பார்ப்போம். மொழிபெயர்ப்பாளர் பலர் கையால் செய்து பார்த்திராத வேலை இது. எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீச்சும் முனையான இன்ஜெக்டருக்குப் பழைய வகை வரிசைப் பம்ப் ஒரு தடவைக்கு அனுப்பும் டீசல் சில பத்து கன மில்லிமீட்டர்தான். 2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் 2 சென்டிமீட்டர் நீளத்துக்குக் காற்று நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு ஏறக்குறைய 63 கன மில்லிமீட்டர். டீசலை அமுக்கினால் அது கிட்டத்தட்டச் சுருங்குவதில்லை; காற்று அமுங்கிக்கொடுக்கும். இன்ஜெக்டர் திறக்க 200 பார் அளவுக்கு, அதாவது வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு, அழுத்தம் வேண்டும் என்றால், பம்பின் தள்ளல் முழுவதையும் அந்தக் காற்றே விழுங்கிவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும், பேட்டரி இறங்கும், இன்ஜெக்டரிலிருந்து ஒரு துளி வராது. ‘காற்றடைப்பு’ என்று இதைச் சொல்லலாம். மூக்கடைப்பு, மாரடைப்பு என்ற சொற்களோடு பழகிய காதுக்கு விளக்கமே வேண்டியதில்லை.

காற்றெடுப்பு எப்படி நடக்கிறது? வடிகட்டியின் தலையிலுள்ள திருகை ஓரிரு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வெறும் சீற்றம். பிறகு சோப்பு நுரை போல வெளுத்த டீசல் திருகின் மரைவழியே பொங்கி வரும். அழுத்த அழுத்தக் குமிழிகள் பெரிதாகி, எண்ணிக்கை குறைந்து, கடைசியில் கண்ணாடியாக ஒரே ஒழுக்காய் வழியும். வழிந்துகொண்டிருக்கும்போதே இறுக்கிவிட வேண்டும். நின்ற பிறகு இறுக்கினால் அடுத்த மடக்குக் காற்று மரைவழியே உள்ளே போயிருக்கும். அதன் பிறகு பம்பின் திருகு, அதற்கும் பிறகு இன்ஜெக்டர் குழாய்களின் நட். நட்டைத் தளர்த்தி எஞ்சினைச் சுற்றவிட்டு, டீசல் துள்ளி வந்ததும் இறுக்குவார்கள். ‘வரும்வரை’, ‘வந்துகொண்டிருக்கும்போதே’ என்ற இரண்டு தொடர்களையும் செய்முறை ஏட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். சொல்லடைவை விட அவை முக்கியம்.

> முதலில் கைப்பம்பால் டீசலை நிரப்புவதும் இதுவும் ஒன்றுதானே? ஒரே பதிவாக வைத்துவிடலாம்.

தயவுசெய்து வேண்டாம். காலிக் குழாயில் எரிபொருளைக் கொண்டுவந்து நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்திய எரிபொருளுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவது இன்னொன்று. முன்னதற்கு ‘முன்னூட்டம்’ என்கிறேன். ‘முன்னிரப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. புதிய வடிகட்டியில் டப்பாவிலிருந்து டீசலை ஊற்றி மாட்டும் பழக்கத்துக்கு அந்தப் பெயர்தான் பொருந்தும். அப்படி ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமலேயே சுத்தமான பக்கத்துக்குள் போய்விடக்கூடும் என்பதால் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சின்களில் அதைச் செய்யக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். செய்யக் கூடாத ஒன்றின் பெயரைச் செய்ய வேண்டியதற்கு வைப்பானேன்?

காமன் ரெயில் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே ரெயிலில் நிற்கும் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டக்கூடும். சில அமைப்புகளில் 2,500 பார் வரை போகும். இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்திக் காற்றெடுக்கும் பழைய முறையை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஊசித் துளையளவு பீச்சல்கூடத் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் செலுத்திவிடும். மேலே பார்த்தால் சிறு புள்ளி போலத்தான் இருக்கும். உண்மையில் அது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். எனவே ‘காற்றெடுப்பு’ப் பதிவில் ‘காமன் ரெயில் எஞ்சினில் தாழ் அழுத்தப் பக்கத்தில் மட்டும், தயாரிப்பாளர் சொன்ன முறையில்’ என்று குறிப்பு இருக்க வேண்டும். கலைச்சொல் அகராதியில் எச்சரிக்கை எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். மாணவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது பொருள் தெரியாதபோதுதான். அப்போதுதான் எச்சரிக்கையும் தேவை.

பிரேக்குக்கும் இதே சொல் பொருந்துமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாக. அழுத்தினால் பஞ்சாக இறங்கும் பெடல், சக்கரத்திலுள்ள காற்றெடுப்பு நிப்பிளில் மாட்டிய தெளிவான குழாய், அதில் வரும் குமிழி என்று எல்லாம் ஒத்துப்போகிறது. மிதித்த பெடலைத் தூக்குவதற்கு முன்பே நிப்பிளை மூட வேண்டும் என்பதும் அதே தர்க்கம்தான். பிரேக் திரவம் சூடேறிக் கொதித்து உண்டாகும் அடைப்பை மட்டும் ‘ஆவியடைப்பு’ என்று பிரித்துவிடுங்கள். காற்றடைப்புக்குக் காற்றெடுத்தால் போதும். ஆவியடைப்பு ஆறினால் மறைந்துவிடும், ஆனால் ஈரம் ஏறிய திரவத்தை மாற்றாதவரை திரும்ப வரும். கனரக வண்டிகளின் காற்று பிரேக்குக்கு இந்தச் சொல் வேண்டாம். அங்கே காற்றுதான் வேலைக்காரன். அதை வெளியே விடுவது ‘காற்று இறக்குதல்’, டயருக்குச் சொல்வது போலவே.

> விமான எஞ்சின், அச்சுத்தொழில், மின்னணுவியல் எல்லாவற்றிலும் இதே ஆங்கிலச் சொல் வருகிறது. அனைத்துக்கும் பொருந்தும் ஒரு சொல் வேண்டும்.

வேண்டியதில்லை. விமான எஞ்சினில் காற்றைப் பயன்பாட்டுக்காகப் பிரித்தெடுக்கிறார்கள். அச்சில் வண்ணம் தாளின் விளிம்பைத் தாண்டுகிறது. ஆங்கிலம் ஒரே சட்டையை எல்லோருக்கும் மாட்டிவிட்டது என்பதற்காக நாமும் அதே அளவில் தைக்க வேண்டுமா என்ன?

ஆக, சொல்லடைவுக்கு என் பரிந்துரை இது: உள்ளே புகுதல் காற்றேறல், அதனால் வரும் நிலை காற்றடைப்பு, போக்கும் வேலை காற்றெடுப்பு, அதற்கான திருகு காற்றெடுப்புத் திருகு. காற்றேறல் பதிவில் ஒரு வரி கூடுதலாக வேண்டும். டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட உறிஞ்சு பக்கத்தில் எஞ்சின் ஓடும்போது அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு. அதனால் அங்கே தளர்ந்த இணைப்பு டீசலை வெளியே விடாமலே காற்றை உள்ளே இழுக்கும். சொட்டு இல்லை என்று மாணவர் அந்த இணைப்பைத் தாண்டிப் போய்விடுவார். எத்தனை முறை காற்றெடுத்தாலும் மறுநாள் காலையில் வண்டி கிளம்பாது.

‘முன்னூட்டம்’ மட்டும் எனக்கே முழு நிறைவு தரவில்லை. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஊட்டு பம்ப் என்று வேறொன்று இருப்பதால் இரண்டும் உரசுகின்றன. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால், படிகள் அச்சுக்குப் போகும் முன்பு எழுதுங்கள். மற்ற நான்கையும் செய்முறை ஏட்டில் இப்போதே பயன்படுத்தத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
பயிற்றுநர், டீசல் பிரிவு