பைஆப்ஜ்-சி கற்க முழுமையான ஆவணம் எங்கே கிடைக்கும்?

கேள்வி:
பைத்தான் ஓரளவு நன்றாகவே தெரியும். மேக்கின் மெனு பாரில் நிற்கிற ஒரு சின்ன ஆப் எழுதலாம் என்று, பைத்தானிலிருந்தே மேக் ஆப் எழுத உதவும் பைஆப்ஜ்-சியை (PyObjC) நிறுவினேன். ஆனால் விண்டோ திறப்பது எப்படி, மெனுவில் ஐட்டம் சேர்ப்பது எப்படி, எந்த கிளாஸில் என்னென்ன மெத்தட் இருக்கிறது, எதுவுமே அதன் ஆவணத்தில் இல்லை. தேடினால் வருவதெல்லாம் மேக்கோடு பைத்தானும் சேர்ந்தே வந்த காலத்துக் கட்டுரைகள். நல்ல ஆவணம் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை, மேக் ஆப்களுக்கான ஆப்பிளின் பழைய மொழியான ஆப்ஜெக்டிவ்-சி முதலில் கற்றுத்தான் ஆக வேண்டுமா?

பதில் 1:
நீங்கள் தேடுவது பைஆப்ஜ்-சியின் ஆவணத்தில் இருக்காதுங்க. விண்டோவும் மெனுவும் ஆப்பிளின் கிளாஸ்கள், அவற்றின் ஆவணம் ஆப்பிளின் டெவலப்பர் தளத்தில்தான் இருக்கிறது. பைஆப்ஜ்-சி பைத்தானையும் ஆப்ஜெக்டிவ்-சியையும் இணைக்கும் பாலம் மட்டுமே. அந்தத் தளத்தில் பக்கம் திறந்ததும் ஆப்பிளின் புதிய மொழியான ஸ்விஃப்ட்தான் தெரியும், மேலே மொழியை ஆப்ஜெக்டிவ்-சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஸ்விஃப்ட்டில் பல மெத்தட்களின் பெயரே வேறு, நம் பாலத்துக்கு ஆப்ஜெக்டிவ்-சி பெயர் மட்டும்தான் புரியும். அப்புறம் ஒரே விதி: பெயரில் முக்காற்புள்ளி வரும் இடமெல்லாம் அடிக்கோடு. செட்ஆப்ஜெக்ட்:ஃபார்கீ: என்பதை செட்ஆப்ஜெக்ட்_ஃபார்கீ_ என்று எழுதி, இரண்டு மதிப்புகளையும் அடைப்புக்குறிக்குள் கொடுக்க வேண்டும். கடைசி அடிக்கோட்டை விட்டுவிடாதீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் பாலத்தின் சொந்த ஆவணத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். அதன் அறிமுகப் பக்கத்தைப் பொறுமையாக ஒருமுறை படித்தால் பாதிக் குழப்பம் போய்விடும். உதாரணமாக, பிழையைத் திருப்பித் தரும் மெத்தட்களில் எர்ரர் இடத்தில் நன் (None) கொடுத்தால் விடையும் பிழையும் சேர்ந்து டியூப்பிளாக வரும், இதை ஆப்பிளின் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஆப்பிளின் அடிப்படை கிளாஸான என்எஸ்ஆப்ஜெக்டிலிருந்து உருவாக்கும் கிளாஸில் நீங்கள் எழுதும் சாதாரண பைத்தான் மெத்தட்டின் பெயரில் அடிக்கோடு இருந்தால் அதையும் செலக்டராகவே (ஆப்ஜெக்டிவ்-சி மெத்தட் பெயராகவே) எடுத்துக்கொள்ளும், ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் பிழை வரும். அதற்கு பைத்தான்_மெத்தட் டெக்கரேட்டர் போட வேண்டும். அதோடு, மூலக்குறியீட்டில் எக்ஸாம்பிள்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கிறது. என்னைக் கேட்டால் இருப்பதிலேயே சிறந்த பாடம் அதுதான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மொழியை மாற்றும் வசதி இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். பழைய கட்டுரைகளை அப்படியே விட்டுவிடலாமா?

பதில் 3:
நிறுவும் பகுதியை விட்டுவிடுங்கள், 2022இல் மேக்ஓஎஸ் 12.3 வந்தபோது ஆப்பிள் பைத்தான் 2.7ஐ நீக்கிவிட்டது, ஆப் எழுதும் ஆப்பிளின் கருவியான எக்ஸ்கோடில் இருந்த பைத்தான் டெம்ப்ளேட்டும் அதற்கு வெகுமுன்பே போய்விட்டது. ஆனால் டெலிகேட், டார்கெட்-ஆக்ஷன், ரன் லூப் மாதிரி அடிப்படைகள் மாறவே இல்லை, அவற்றுக்கு ஆப்பிளின் பழைய ஆவணக் காப்பகத்தில் உள்ள கோகோ (மேக் ஆப்களுக்கான ஆப்பிளின் கிளாஸ் தொகுப்பு) வழிகாட்டிகள் இன்றைய பக்கங்களைவிட நிதானமாக விளக்குகின்றன. ஆப்ஜெக்டிவ்-சியில் எழுதக் கற்க வேண்டியதில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும். சதுர அடைப்புக்குள் முதலில் வருவது ஆப்ஜெக்ட், அடுத்து மெத்தட், இது பழகினால் எந்த எடுத்துக்காட்டையும் பைத்தானுக்கு மாற்றிவிடலாம்.