ஷிம் (வால்வு கேப் செட் பண்ற சின்ன வட்டத் தகடு) மாத்துனதும் கேப்பே இல்ல, அவசரம், யாராச்சும் சொல்லுங்க

பச்சை300:
எக்ஸாஸ்ட்ல (புகை வெளிய போற பக்கம்) ரெண்டு வால்வு டைட்டா இருந்துச்சு, ஷிம் மாத்தி கேம் (வால்வ தள்ளித் திறக்குற தண்டு) ரெண்டையும் திரும்ப உக்கார வெச்சாச்சு, இப்ப ஒரு வால்வுல மட்டும் 0.05 மி.மீ ஃபில்லர் (கேப் அளக்குற மெல்லிசு தகடு) கூட உள்ள போகமாட்டேங்குது, நாளைக்கு காலைல வண்டி எடுக்கணும், என்ன பண்ணட்டும்??

ரெவ்லிமிட்:
என்ன வண்டிங்க? பழைய ஷிம் எவ்ளோ, புதுசு எவ்ளோ? இஞ்சின் ஆறுனப்புறம்தான அளந்தீங்க?

பழையராஜ்தூத்:
மேனுவல் பாக்காம கேம் கழட்டுற பழக்கம் எல்லாருக்கும் வந்துருச்சு. பழைய ஷிம்மோட அளந்த கேப்ப கூட்டி, வேண்டிய கேப்ப கழிக்கணும் தம்பி, அவ்ளோதான் கணக்கு. டைட்டுன்னா மெலிசு ஷிம் வரணும், நீ தடிச்சது போட்டிருப்ப.

பச்சை300:
நிஞ்ஜா 300. ராத்திரி முழுக்க ஆறுனதுதான். பழசு 2.60, கேப் 0.15, இப்ப 2.50 போட்டிருக்கேன்.

ரெவ்லிமிட்:
அப்ப 0.25 வரணுமே. எக்ஸாஸ்ட்டுக்கு 0.22 - 0.31 இருக்கணும், கணக்கு சரியாத்தான் இருக்கு. அந்த 2.50ய மைக்ரோமீட்டர்ல அளந்தீங்களா, மேல எழுதுனத நம்பி போட்டீங்களா?

சும்மாரைடர்:
வெர்னியரே போதும் ப்ரோ. கொஞ்சம் டைட்டா இருந்தா நல்லதுதான், சத்தமில்லாம ஓடும், எங்க மெக்கானிக் அப்டித்தான் வெப்பாரு.

ரெவ்லிமிட்:
வெர்னியர் கை அழுத்தத்துலயே 0.02, 0.03 மாறும், ஷிம்மே 0.05 கணக்குல வருது, எப்டி போதும்?

பழையராஜ்தூத்:
சத்தம் வராததுதான்யா ஆபத்து. வால்வு மூடி சீட்டுல உக்காந்தாதான் சூடு ஹெட்டுக்கு இறங்கும், கேப் இல்லன்னா முழுசா மூடாது, விளிம்பு கருகிரும். லூசா இருந்தாலாவது டக்டக்னு சொல்லிக் காட்டும்.

சும்மாரைடர்:
20000 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், ஒண்ணும் ஆகல.

ஆயில்கறை:
சண்டைய அப்புறம் போடுங்க. பச்சை தம்பி, செல்ஃப் மட்டும் அடிச்சிராதீங்க! எனக்கும் இதே வந்துச்சு, பக்கெட்ட (ஷிம் மேல கவுக்குற கிண்ணம்) எறக்குறப்ப ஷிம் நழுவி ரீடெய்னர் (வால்வு ஸ்பிரிங் மேல இருக்குற மூடி) பள்ளத்துல படுக்காம சாஞ்சு நின்னுச்சு. டென்ஷனர (கேம் செயின இறுக்குறது) கழட்டிட்டு கேம பிடிச்சிருக்குற மூடியோட போல்ட்டெல்லாம் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணுங்க, ஒரே பக்கமா கழட்டுனா மூடி வெடிச்சிரும். ஷிம்ல ஆயில் தொட்டு வெச்சு விரலால சுத்திப் பாருங்க, ஈசியா சுத்துனா ஒழுங்கா உக்காந்திருக்கு. மாட்டிட்டு டைமிங் மார்க் (கேமும் இஞ்சினும் ஒத்து நிக்குற குறி) பாத்து, ஸ்பேனர் போட்டு இஞ்சின கையால ரெண்டு சுத்து சுத்திட்டு அப்புறம் அளங்க.

பச்சை300:
சாஞ்சுதான் கெடந்துச்சுண்ணா. இப்ப 0.25. நன்றி.

ரெவ்லிமிட்:
ரெண்டு சுத்து சுத்துனப்புறம் அளந்ததா? கேம் கழட்டி மாட்டுனா மத்த ஏழு வால்வையும் ஒருக்கா பாக்கணும்ங்க.

ஆயில்கறை:
தம்பி?