தாயை இழந்த கன்று பாட்டிலில் பால் குடிக்க மாட்டேன் என்கிறது

கிடேரிக் கன்று, பிறந்து 4 நாள். தாய்ப்பசு நேற்று முன்தினம் இரவு இறந்துவிட்டது. அதுவரை சீம்பாலைத் தாயிடமே நன்றாகக் குடித்தது. நேற்றிலிருந்து அரை லிட்டர்கூட உள்ளே போகவில்லை.

விரலைக் கொடுத்தால் இழுத்துச் சப்புகிறது, அந்த இழுப்பில் நல்ல பலம் இருக்கிறது. ரப்பர் காம்பை வைத்ததும் நாக்கால் வெளியே தள்ளுகிறது. பால் கடைவாயில் வழிகிறது. காய்ச்சல் இல்லை (38.7 டிகிரி), கழிச்சலும் இல்லை. ஆனால் மதியத்திலிருந்து தலையைத் தொங்கப்போட்டே நிற்கிறது, பார்க்கவே மனசு தாங்கவில்லை.

பாலை 39 டிகிரிக்குச் சூடாக்கினேன், காம்பை மாற்றினேன், காம்பில் பால் தடவினேன், மூலையில் நிறுத்திக் கண்ணை மறைத்தும் பார்த்தேன். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்பதால் வலுக்கட்டாயமாக ஊற்றவில்லை. மருத்துவர் நாளைக் காலைதான் வருவார்.

விரலைச் சப்பும் கன்றை இன்று இரவுக்குள் ரப்பர் காம்புக்கு மாற்றுவது எப்படி?