டி.எல்.சி. தட்டில் ஃபிளேவனாய்டு ஏறவே இல்லை, அவசர உதவி வேண்டும்

இலைநரம்பு:
வணக்கம். இலைச் சாற்றில் ஃபிளேவனாய்டு (செடிகளில் இருக்கும் ஒரு வகைச் சேர்மம்) இருக்கிறதா என்று டி.எல்.சி. (மென்படல வண்ணப்பிரிகை, கரைப்பான் தட்டில் ஏற ஏறச் சேர்மங்கள் பிரியும் முறை) போட்டுப் பார்க்கிறேன். மூன்று நாளாக ஒரே கதை. சாம்பிள் வைத்த இடத்திலிருந்து கொஞ்ச தூரம் பழுப்பாக ஒரு இழுவை, அவ்வளவுதான். ஒப்பிடப் பக்கத்தில் வைத்த குவெர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டு ஏறுகிறது. அதற்கு நேராகச் சாம்பிளில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஷினோடா சோதனையில் (மக்னீசியமும் அமிலமும் சேர்த்து நிறம் பார்ப்பது) சிவப்பு வந்ததே! எதை நம்புவது? யூவியில் உச்சியில் இரத்தச் சிவப்பாக ஒன்று ஒளிர்கிறது, அதுதான் ஃபிளேவனாய்டா? திங்கட்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நுண்குழாய்:
எந்தச் செடி? எதில் சாறு எடுத்தீர்கள்? மொபைல் ஃபேஸ் (தட்டில் ஏறும் கரைப்பான்) என்ன, என்ன விகிதம்? தட்டு சிலிக்காவா செல்லுலோஸா? யூவி 254 நானோமீட்டரா 365ஆ? தெளித்துப் பார்த்தீர்களா? இவை தெரியாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

பொட்டுக்காரர்:
எனக்குச் சந்தேகமே இல்லை, இது ஓவர்லோடு, சாம்பிள் அதிகம். பொட்டு வைக்கும் மெல்லிய கண்ணாடிக் குழாயை, கேபிலரியை, தட்டில் வைத்து ஊற விட்டிருப்பீர்கள். பொட்டு 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் விரியக் கூடாது. ஒரு தொடு, காய விடு, மறுபடி ஒரு தொடு. சாற்றைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி போடுங்கள், இழுவை போய்விடும். தட்டை நிறுத்தும்போது கரைப்பான் மட்டம் பொட்டுக்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூத்த ஆய்வாளன்:
தம்பி, ஷினோடாவும் டி.எல்.சி.யும் ஒன்றையொன்று பொய்யாக்காது. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. இது அடிப்படைப் பாடம், ஆய்வு தொடங்கும் முன்பே படித்திருக்க வேண்டியது. நாங்கள் படித்த காலத்தில் பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் 4:1:5, கலக்கி வைத்ததும் பிரியும் மேல் அடுக்கு, இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆய்வகத்துக்குள் காலே வைப்போம். அதைப் போடுங்கள். சர்க்கரை ஒட்டியதும் ஏறும், ஒட்டாததும் ஏறும்.

இலைநரம்பு:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். கொய்யா இலை, மெத்தனால் சாறு. சிலிக்கா ஜெல் 60 எஃப்254, அலுமினியத் தட்டு. டொலுவீன், எத்தில் அசிடேட் 5:4. அதில் 1 பங்கு ஃபார்மிக் அமிலமும் சேர்க்க வேண்டும் என்று இருந்தது. பாட்டில் தீர்ந்துவிட்டது, கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டேன். சிவப்பு தெரிந்தது 365இல்.

பச்சையம்:
அந்த ‘கொஞ்சம்தானே’ என்பதில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது. ஃபிளேவனாய்டுகள் பெரும்பாலும் ஃபீனால்கள். அமிலம் இல்லாவிட்டால் சிலிக்காவைப் பிடித்துக்கொண்டு நகர நகர வால் விடும். அமிலம் சேர்ந்தால் பொட்டு சுருங்கி உருண்டையாக நிற்கும். இதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் அமிலத்தை விடவே மாட்டீர்கள்.

மீதிப் பாதி, நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பது. கொய்யா இலையில் குவெர்செட்டின் பெரும்பாலும் தனியாக இருக்காது. சர்க்கரையோடு சேர்ந்து கிளைகோசைடாக இருக்கும்: அவிகுலாரின், குவாஜாவெரின், ஹைப்பரோசைடு. சர்க்கரை ஒட்டியதும் மூலக்கூறின் முனைவுத்தன்மை கூடிவிடுகிறது, டொலுவீன் அதைத் தூக்காது, வைத்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். உங்கள் குவெர்செட்டினுக்குச் சர்க்கரை இல்லை, அதனால் ஏறியது. ஆக, உங்கள் தட்டு பொய் சொல்லவில்லை. தனிக் குவெர்செட்டின் தெரியவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. ஃபிளேவனாய்டே இல்லை என்று சொல்லவில்லை.

கிளைகோசைடுக்கு எத்தில் அசிடேட், ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம், நீர் 100:11:11:26 போடுங்கள். ருட்டினையும் (இதுவும் குவெர்செட்டின் கிளைகோசைடுதான்) ஒப்பிட ஸ்டாண்டர்டாக வையுங்கள். இதில் ருட்டினின் ஆர்எஃப் (கரைப்பான் ஏறிய தூரத்தில் பொட்டு ஏறிய பங்கு) ஏறக்குறைய 0.4இல் நிற்கும், ஹைப்பரோசைடு 0.6 பக்கம் வரும், குவெர்செட்டின் கரைப்பான் முகப்பை ஒட்டிப் போய்விடும். சேம்பருக்குள் வடிதாள் வைத்து அரை மணி நேரம் ஆவி நிறைய விடுங்கள்.

உச்சியில் சிவப்பாக ஒளிர்வது பச்சையம். என் பெயரே அதுதான் என்பதால் நம்பிச் சொல்கிறேன். சாற்றை ஆவியாக்கி, வெந்நீரில் கலக்கி, பெட்ரோலியம் ஈதரால் இரண்டு முறை கழுவினால் பெருமளவு போய்விடும்.

பொட்டுக்காரர்:
ஓவர்லோடும் இருக்கும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். கொய்யா இலையில் டானின் என்ற துவர்ப்புச் சேர்மம் அதிகம். பழுப்பு இழுவையில் அதற்கும் பங்கு உண்டு.

பச்சையம்:
டானின் பற்றிச் சொன்னது சரி. நீர்த்தும் போடட்டும்.

மூத்த ஆய்வாளன்:
100:11:11:26 என்று நான்கு கரைப்பானை அளந்துகொண்டிருப்பதற்குப் பதில் மூன்றோடு முடித்துவிடலாம். தாள் வண்ணப்பிரிகைக் காலத்திலிருந்து எத்தனையோ செடிகளுக்கு 4:1:5தான் கைகொடுத்தது.

நுண்குழாய்:
ஐயா, தாளுக்குக் கைகொடுத்தது சிலிக்காவுக்கும் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பியூட்டனால் பிசுபிசுப்பானது, ஒரு தட்டு ஏற மணிக்கணக்கில் ஆகும். கலந்து வைத்தால் அசிட்டிக் அமிலத்தோடு சேர்ந்து எஸ்டர் ஆகிக்கொண்டே இருக்கும். இன்றைய ஆர்எஃப் அடுத்த வாரம் வராது.

மூத்த ஆய்வாளன்:
புதிதாகக் கலக்க வேண்டும் என்பது தெரியாதவனா நான்? எத்தில் அசிடேட்டோடு அமிலமும் நீரும் சேர்ந்தால் மட்டும் மாறாமல் இருக்குமா?

நுண்குழாய்:
மாறும். அதனால்தான் அதையும் அன்றன்றைக்குக் கலக்கச் சொல்கிறோம். ஆனால் அது முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. திங்கட்கிழமை காட்ட வேண்டியவருக்கு அதுதான் முக்கியம்.

விதையுறை:
ஷினோடா பற்றி ஒன்று. கொழுந்து இலையோ பூவோ கலந்திருந்தால் ஆந்தோசயனின் என்ற நிறமி இருக்கலாம். அது மக்னீசியம் இல்லாமலேயே வெறும் அமிலத்தில் சிவக்கும். மக்னீசியம் போடாத ஒரு குழாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா? ஃபிளேவனாய்டுகளிலேயே கேட்டெச்சின்கள் என்ற வகை ஷினோடாவில் சிவக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

இலைநரம்பு:
வைக்கவில்லை. நாளை வைக்கிறேன். தட்டில் தெளிக்க என்ன வேண்டும்? எங்கள் ஆய்வகத்தில் அம்மோனியாவும் அலுமினியம் குளோரைடும்தான் இருக்கின்றன.

பச்சையம்:
அதுவே போதும். தட்டை 100 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கி ஃபார்மிக் அமிலத்தை முழுவதும் விரட்டுங்கள், இல்லாவிட்டால் அம்மோனியா ஆவி அமிலத்தோடு போய்விடும், நிறம் வராது. முதலில் 254இல் பாருங்கள், பச்சைப் பின்னணியில் கறுப்பாகத் தெரிவதைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பிறகு மெத்தனாலில் 1 சதவீத அலுமினியம் குளோரைடு தெளித்து 365இல் பாருங்கள். குவெர்செட்டின் வகை மஞ்சளாக ஒளிரும்.

வேறு துறையில் டைஃபீனைல்போரினிக் அமில அமினோஎத்தில் எஸ்டர் கிடைத்தால் விடாதீர்கள். 1 சதவீதம், தட்டு சூடாக இருக்கும்போதே தெளித்து, மேலே 5 சதவீத பாலிஎத்திலீன் கிளைக்கால் 4000. குவெர்செட்டின் கிளைகோசைடு ஆரஞ்சு, கேம்ப்ஃபெரால் வகை மஞ்சள் பச்சை, குளோரோஜெனிக் அமிலம் நீலம். நிறத்தைப் பார்த்தே குடும்பம் சொல்லிவிடலாம். யூவி கண்ணாடி போடுங்கள், தெளிப்பது ஃபியூம் ஹுடுக்குள் மட்டும்.

நுண்குழாய்:
கூடவே சாற்றில் கொஞ்சத்தை 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கால் மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்து (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்க வைத்து), ஆறியதும் எத்தில் அசிடேட்டில் பிரித்து எடுங்கள். சர்க்கரை கழன்றுவிடும். அதை உங்கள் பழைய டொலுவீன் சிஸ்டத்தில், இந்த முறை ஃபார்மிக் அமிலத்தோடு, குவெர்செட்டின் பக்கத்தில் ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் கலந்து ஒரு பொட்டும் வையுங்கள். அது பிரியாமல் ஒன்றாக ஏறினால்தான் ஒப்பீட்டுக்கு மதிப்பு.

மூத்த ஆய்வாளன்:
கலந்து வைப்பது நல்ல யோசனை. ஆனால் ஒரே ஒரு சிஸ்டத்தில் ஆர்எஃப் ஒத்துப்போனதும் ‘கண்டுபிடித்தேன்’ என்று எழுதிவிடாதே தம்பி. முனைவுத்தன்மை வேறான இரண்டாவது சிஸ்டத்திலும் ஒத்துப்போக வேண்டும். அதற்காகவாவது 4:1:5 ஒன்று போடு.

நுண்குழாய்:
இதில் ஐயா சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.

விதையுறை:
இலைநரம்பு, என்ன ஆயிற்று?

இலைநரம்பு:
தாமதத்துக்கு மன்னிக்கவும். ஃபார்மிக் அமிலம் பக்கத்து ஆய்வகத்தில் கிடைத்தது. புது சிஸ்டத்தில் இழுவை இல்லை. ருட்டினுக்கு மேலே மூன்று பொட்டு, அலுமினியம் குளோரைடில் மூன்றும் மஞ்சள். ஹைட்ராலிசிஸ் செய்தது, அதாவது அமிலத்தில் சர்க்கரை கழற்றியது, டொலுவீன் தட்டில் குவெர்செட்டினோடு ஒன்றாக ஏறியது, கலந்த பொட்டும் பிரியவில்லை. மக்னீசியம் இல்லாத குழாய் சிவக்கவில்லை. 4:1:5 தட்டு இப்போதுதான் சேம்பருக்குள் போயிருக்கிறது. எல்லோருக்கும் மிக்க நன்றி.

பொட்டுக்காரர்:
மகிழ்ச்சி. எத்தனை மடங்கு நீர்த்தீர்கள்?